டான்ஷென் கஷாயம் கொதிக்கும்போது பானைக்குள் நடப்பதைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி

மூலிகைக் கஷாயத்துக்குக் கணித மாடல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடுதான் உட்காருகிறார்கள்: வேரிலிருந்து சரக்கு எவ்வளவு வேகமாக நீருக்கு வருகிறது? நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பானைக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வேரிலிருந்து சேர்மம் நீருக்கு வருகிறது, வந்த சேர்மம் அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தும் போகிறது. உடைவதை விட்டுவிட்டு எழுதிய சமன்பாடு முதல் அரை மணி நேரத்துக்கு அழகாகப் பொருந்தும். அதற்கு மேல் அது சொல்வதை நம்பி யாரும் மருந்து காய்ச்சக் கூடாது.

பார்மசியிலோ கெமிக்கல் இன்ஜினியரிங்கிலோ புராஜெக்ட் செய்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குச் சீன மருத்துவத்தின் டான்ஷென் வேரை எடுத்துக்கொள்கிறேன். சிவப்புத் தோல் கொண்ட சால்வியா வகை வேர் அது, ரத்த ஓட்டத்துக்கான மருந்துகளில் சீனாவில் மிக அதிகமாகப் பயன்படுவது. மாடல் பழகுவதற்கு இதைவிட நல்ல வேர் எனக்குத் தெரியவில்லை, ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் மூலக்கூறு, பிறகுதான் மூலிகை

"டான்ஷென் சாறு எடுப்பதை மாடல் செய்கிறேன்" என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. டான்ஷெனுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று டான்ஷினோன்கள். வேரின் சிவப்பு நிறம் இவற்றால்தான் வருகிறது. எண்ணெய்த்தன்மை கொண்டவை என்பதால் நீரில் அநேகமாகக் கரையாது, எத்தனால் வேண்டும். இன்னொன்று சால்வியனாலிக் அமிலங்கள். இவை நீரில் நன்றாகக் கரையும், அவற்றில் முக்கியமானது சால்வியனாலிக் அமிலம் பி. சீனாவில் கூட்டு டான்ஷென் மாத்திரை தயாரிக்கும்போது வேரை முதலில் எத்தனாலிலும் பிறகு நீரிலும் காய்ச்சுவது இதனால்தான். ஒரே வேருக்கு இரண்டு கரைப்பான்கள் என்றால் மாடலும் இரண்டு.

நாம் கஷாயம் பற்றிப் பேசுவதால் சால்வியனாலிக் அமிலம் பி போதும். அதன் மூலக்கூறு எடை சுமார் 718, அதாவது கொஞ்சம் பருத்த மூலக்கூறு. மூன்று டான்ஷென்சூ துண்டுகளும் ஒரு கஃபீக் அமிலத் துண்டும் சேர்ந்தது போன்ற அமைப்பு. வெந்நீரில் இது நீராற்பகுத்து, அதாவது நீரோடு வினைபுரிந்து, உடையும், உடையும்போது டான்ஷென்சூ வெளியே வரும். நமக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் காணாமல் போனது எங்கே போயிற்று என்று தேடிப் பிடிக்க முடியும்.

சீன அரசின் மருந்துத் தரநூலின்படி உலர்ந்த டான்ஷெனில் சால்வியனாலிக் அமிலம் பி குறைந்தது 3 சதவீதம் இருக்க வேண்டும். ஆக 100 கிராம் வேரில் 3 கிராமாவது இருக்கும். இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். தரமான சரக்கு என்று வாங்கிய வேருக்கு உங்கள் மாடல் தொடக்க அளவு 0.4 கிராம் என்று சொன்னால், மாடலை நோண்டுவதற்கு முன்னால் வேரையும் அளவீட்டையும் சந்தேகப்படுங்கள். தொடக்க அளவைக் கொதிக்கவைத்துக் கண்டுபிடிக்கவும் முயல வேண்டாம், கொதிக்கும்போதே அது உடைகிறதே. வேரை நன்றாகப் பொடித்து, மெத்தனாலும் நீரும் கலந்த கரைப்பானில் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து எடுத்து, எச்.பி.எல்.சி.யில் (கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளந்துகொள்ளுங்கள்.

அளப்பதில் ஏமாறக் கூடாத இடம்

என்னுடைய முதல் வரைபடம் 60 நிமிடத்துக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனது. சிதைவே இல்லையோ என்று ஒரு வாரம் குழம்பினேன். கடைசியில் பார்த்தால் விஷயம் எளிது: பானையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டிருந்தது, நான் செறிவை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். 1000 மில்லி நீர் 800 மில்லியாகச் சுண்டியிருக்கும் நேரத்தில் செறிவு மில்லிக்கு 2 மில்லிகிராம் என்று வந்தால், நீரில் இருப்பது 1.6 கிராம். அதை 1000-ஆல் பெருக்கி 2 கிராம் என்று எழுதினால் 25 சதவீதம் அதிகமாகக் கணக்குக் காட்டுகிறோம். சிதைவு முழுவதும் அந்த 25 சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு முறை மாதிரி எடுப்பதற்கு முன்பும் பானையை அப்படியே தராசில் வைத்து எடை குறியுங்கள். அல்லது நீராவி திரும்பி வந்து சொட்டும்படி கண்டன்சர் பொருத்திய குடுவையில் செய்யுங்கள். எடுத்த 1 மில்லியை உடனே ஐஸில் வைத்துக் குளிர வைத்து வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் குப்பிக்குள்ளும் உடைதல் தொடரும். எடுத்த அளவும் கணக்கிலிருந்து கழிய வேண்டும். நேரங்களை 5, 10, 20, 30, 45, 60, 90, 120, 180 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் நெருக்கமாக, கடைசியில் கட்டாயம் உச்சம் தாண்டிய பிறகு இரண்டு மூன்று புள்ளிகள். பெரும்பாலானவர்கள் ஏறும் பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இறங்கும் பக்கம் இல்லாமல் சிதைவு வேகத்தை எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது.

வெப்பமானியையும் உள்ளே விட்டுவையுங்கள். சீன முறையில் வேரை அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பெரிய தீயில் கொதி வரவழைத்து, பிறகு சிறு தீயில் 20, 30 நிமிடம் வைப்பார்கள். அப்படியென்றால் முதல் பல நிமிடங்களுக்கு நீர் 100 டிகிரியில் இல்லை. நேரத்தைக் கொதி வந்த கணத்திலிருந்து எண்ணுகிறீர்களா, நீர் ஊற்றியதிலிருந்தா என்று முதல் நாளே நோட்டில் எழுதிவிடுங்கள், பாதியில் மாற்றக் கூடாது.

இரண்டு வேகம், ஒரு எக்செல் தாள்

இப்போது மாடல். வேரில் மிச்சமிருப்பது ஒரு பெட்டி, நீரில் இருப்பது இன்னொரு பெட்டி. வேரிலிருந்து வெளியேறும் வேக மாறிலியை "வெ" என்றும், நீரில் சிதையும் வேக மாறிலியை "சி" என்றும் வைப்போம். ஒவ்வொரு நிமிடமும்:

வேரில் இப்போது = வேரில் முன்பு − (வெ × வேரில் முன்பு)
நீரில் இப்போது = நீரில் முன்பு + (வெ × வேரில் முன்பு) − (சி × நீரில் முன்பு)

அவ்வளவுதான். வகையீட்டுச் சமன்பாடு என்று சொன்னால் பயமாக இருக்கலாம், ஆனால் எக்செலில் இது இரண்டே நெடுவரிசை. பழகுவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்களை வைத்துச் செய்து பார்ப்போம் (இவை அளந்த எண்கள் அல்ல): வெ நிமிடத்துக்கு 0.033, சி நிமிடத்துக்கு 0.004, வேரில் தொடக்கத்தில் 100 பங்கு. முதல் நிமிட முடிவில் வேரில் 96.7, நீரில் 3.3. இரண்டாவது நிமிடத்தில் வேரிலிருந்து 3.19 வருகிறது, நீரில் இருந்த 3.3-இல் 0.013 உடைகிறது, ஆக நீரில் 6.48. இப்படியே கீழே இழுத்துக்கொண்டு போங்கள். 73-ஆவது நிமிடம் வாக்கில் நீரில் சுமார் 75 இருக்கும், அதுதான் உச்சம். அதற்குப் பிறகு இறங்கும். மூன்று மணி நேரம் விட்டால் 55-க்கு வந்துவிடும். கூடுதலாக ஒன்றே முக்கால் மணி நேரம் எரித்த விறகுக்குப் பலன், 20 பங்கு மருந்து போனதுதான்.

உச்சம் வரும் நேரத்துக்கு நேரடிச் சூத்திரமும் உண்டு: வெ-ஐச் சி-ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, அதை (வெ − சி)-ஆல் வகுக்க வேண்டும். மேலே உள்ள எண்களுக்கு 8.25-இன் இயல் மடக்கை 2.11, அதை 0.029-ஆல் வகுத்தால் 73. எக்செல் தாளும் சூத்திரமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு கட்டத்தில் தவறான வரிசையைச் சுட்டியிருக்கிறீர்கள்.

உண்மையான தரவைப் பொருத்தும்போது இன்னொன்று தேவைப்படும். வேரைச் சீவும்போது வெட்டுப்பட்ட செல்களில் இருக்கும் சரக்கும், ஒட்டியிருக்கும் தூளும் நீர் பட்டவுடன் கழுவிக்கொண்டு வந்துவிடும். உள்ளே இருப்பது மெதுவாகத்தான் வரும். அதனால் முதல் வரிசையிலேயே நீரில் 0 என்று வைக்காமல் 5 அல்லது 10 என்று ஒரு கழுவல் பங்கு கொடுங்கள், அதையும் பொருத்துவதற்கான மூன்றாவது எண்ணாக வையுங்கள். 5 நிமிடப் புள்ளி மட்டும் எப்போதும் கோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பொருத்துவதற்கு எக்செலின் சால்வர் என்ற கருவி போதும், பைதான் நிரல்மொழி தெரிந்தவர்கள் அதன் சைபை நூலகத்தில் செய்யலாம். ஆனால் மூன்று எண்களையும் ஒரே தரவிலிருந்து ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கச் சொன்னால் கணினி ஏதோ ஒன்றைச் சொல்லும், அதை நம்ப முடியாது. வெ கொஞ்சம் கூடி சி-யும் கொஞ்சம் கூடினால் வளைவு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். சி-ஐத் தனியாக அளந்துவிடுங்கள். எப்படி? 20 நிமிடம் கொதித்த கஷாயத்தை வடிகட்டி, வேரைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த வடிநீரை மட்டும் மீண்டும் அதே சூட்டில் வையுங்கள். இனி உள்ளே வருவதற்கு எதுவும் இல்லை, இறங்குவது முழுக்கச் சிதைவு மட்டுமே. தூய சால்வியனாலிக் அமிலம் பி-யை வாங்கிக் காய்ச்சிவடித்த நீரில் சூடாக்கியும் அளக்கலாம், ஆனால் எனக்கு வடிநீர் முறைதான் பிடிக்கும். இந்த மூலக்கூறு அமில நீரில் நிலையாக இருக்கும், காரம் ஏற ஏறச் சீக்கிரம் உடையும். ஆகவே கஷாயத்தின் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) அளவிலிருந்து வேறுபட்ட நீரில் அளந்த சி, கஷாயத்துக்குச் சொந்தமான சி அல்ல. அப்புறம், அதே ஓட்டத்தில் டான்ஷென்சூவையும் அளந்துவிடுங்கள். ஒன்று இறங்க இறங்க மற்றொன்று ஏறுகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் இது சிதைவு, வடிதாளில் ஒட்டிக்கொண்டு போன இழப்பு அல்ல என்று உறுதியாகும்.

துண்டின் தடிமன் செய்யும் வேலை

வெ என்ற எண் வானத்திலிருந்து வருவதில்லை. நீர் வேருக்குள் ஊறி, சேர்மம் கரைந்து, திசுவுக்குள் இருக்கும் சந்துபொந்துகளின் வழியே விரவி மேற்பரப்புக்கு வர வேண்டும். விரவலுக்கான விதியை அடால்ஃப் ஃபிக் 1855-இல் எழுதினார், அவர் உடலியங்கியல் படித்த ஜெர்மானியர். அந்த விதியைத் தட்டையான துண்டுக்குத் தீர்த்தால் நீளமான தொடர் ஒன்று வரும். முதல் சில நிமிடங்களைக் கழித்துவிட்டால் அதன் முதல் உறுப்பு மட்டும் போதும். அதிலிருந்து கிடைப்பது:

வெ = (பை-யின் வர்க்கம் × விரவல் கெழு, அதாவது சேர்மம் எவ்வளவு எளிதாக விரவுகிறது என்பதைக் காட்டும் எண்) ÷ (துண்டின் முழுத் தடிமனின் வர்க்கம்)

சீனக் கடைகளில் மூலிகையைச் சீவும்போது கனமான சீவல் 2 முதல் 4 மில்லிமீட்டர், மெல்லிய சீவல் 1 முதல் 2 மில்லிமீட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் துண்டுக்கு, விரவல் கெழு நொடிக்கு 0.0005 சதுர மில்லிமீட்டர் என்று வைத்தால், வெ நிமிடத்துக்கு 0.033 என்று வரும். முன்பு நான் எடுத்த எண் இங்கிருந்து வந்ததுதான். அதே வேரை 1.5 மில்லிமீட்டராகச் சீவினால் வெ நான்கு மடங்காகி 0.132. சி மாறவில்லை, அது நீருக்குள் நடப்பது. இப்போது உச்சம் 27-ஆவது நிமிடத்திலேயே வந்துவிடுகிறது, நீரில் இருப்பது 75-க்குப் பதில் 90. கத்தியை மட்டும் மாற்றி 15 பங்கு கூடுதலாக எடுத்திருக்கிறோம். சரி, அப்படியானால் பொடியாக்கிவிட்டால் என்ன? வெ எகிறும், ஆனால் பொடி குழம்பாகி அடியில் பிடிக்கும், வடிகட்டவும் முடியாது. நீர் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஓடுகிறது என்று மாடல் எடுத்துக்கொண்டதும் பொய்யாகிவிடும். சீவிய துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துண்டுகளின் தடிமனை ஒரு முறை அளந்தால் போதாது. வெர்னியர் காலிப்பரால் ஐம்பது துண்டுகளையாவது அளங்கள். தடிமனின் வர்க்கம் கணக்கில் வருவதால் சராசரியைவிடக் கனமான பத்துத் துண்டுகள் வளைவின் வாலை நீட்டிவிடும்.

சூடு

வெப்பநிலை ஏறினால் வெ-யும் சி-யும் இரண்டுமே ஏறும், ஆனால் ஒரே அளவில் ஏறாது. வெப்பநிலையோடு வேகம் ஏறும் விதத்தைச் சொல்வது அரீனியஸ் சமன்பாடு. விரவல் போன்ற பௌதிக வேலைகளுக்குக் கிளர்வு ஆற்றல் (வேலை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) குறைவு, வேதிப் பிணைப்பு உடைவதற்கு அதிகம். ஒரு பேச்சுக்கு முதலாவதற்கு 20, இரண்டாவதற்கு 80 கிலோஜூல் என்று வையுங்கள். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும், சுமார் 1900 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகரில் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அந்த 6 டிகிரிக் குறைவால் வெளியேறுதல் 10 சதவீதம்தான் குறையும், சிதைவோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஷாங்காயில் பொருத்திய மாடலை யுன்னானுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது என்பது இதனால்தான். குறைந்தது மூன்று வெப்பநிலைகளில், 80, 90, 100 என்று, ஓட்டிப் பாருங்கள்.

சூடு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிங்ஹாவ் செடியைவிடப் பெரிய சான்று இல்லை. மலேரியாவுக்கு மருந்து தேட 1967 மே 23 அன்று சீனாவில் தொடங்கிய ரகசியத் திட்டத்துக்கு அந்தத் தேதியையே வைத்து 523 என்று பெயர். அதில் வேலை செய்த து யூயூவுக்குச் சிங்ஹாவ் சாறு ஒரு முறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் மருத்துவர் கெ ஹொங் எழுதிவைத்த குறிப்பில் இந்தச் செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லவே இல்லை, நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கத்தான் சொல்லியிருந்தது. அதைப் படித்தவர் சூட்டைத்தான் சந்தேகித்தார், 35 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் ஈதரை எடுத்தார். 1971 அக்டோபரில் சோதித்த 191-ஆம் மாதிரி எலி மலேரியாவை முழுவதுமாக அடக்கியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. நம் மொழியில் சொன்னால், வெ-யும் சி-யும் இரண்டும் தவறான கரைப்பானில், தவறான சூட்டில் மாட்டிக்கொண்டிருந்தன.

சீன வைத்தியர்கள் சமன்பாடு இல்லாமலே இதை நடைமுறையில் வைத்திருக்கிறார்கள். புதினா வகையான போஹெ, மணத்தைக் கொடுக்கும் எண்ணெய் பறந்துவிடும் என்பதால், கடைசி ஐந்து நிமிடத்தில்தான் பானைக்குள் போகும். அதற்கு "பின்னால் போடு" என்று சீட்டிலேயே எழுதுவார்கள். மாடலில் அதற்குச் சிதைவுக்குப் பதில் ஆவியாதல் மாறிலி, சமன்பாடு அதேதான். நேர் எதிர்ப்பக்கம் ஃபூட்சு. நம் சித்த மருந்துகளில் நாபி என்று வரும் கிழங்கின் உறவுச்செடி, உயிரைக் குடிக்கும் அக்கோனிட்டின் உள்ளது. அதை "முன்னால் போடு" என்பார்கள். மற்றச் சரக்குகளுக்கு முன்பே நீண்ட நேரம் தனியாகக் கொதிக்கும், கொதிக்கக் கொதிக்க அக்கோனிட்டின் நீராற்பகுத்து நச்சு குறைந்த சேர்மங்களாக மாறும். இங்கே சி பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் நாம் ஆசைப்படுகிறோம், உச்ச நேரம் என்பது ஆபத்தான நேரம். இந்தக் கிழங்கைக் கணினியில் மட்டும் காய்ச்சுங்கள், வீட்டுப் பானையில் ஒருபோதும் வேண்டாம். டான்ஷென்கூட, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவைக் கூட்டும், ஆகவே சோதனை முடிந்த கஷாயத்தை யாரும் குடிக்கத் தேவையில்லை.

இரண்டு முறை காய்ச்சுவது ஏன்

சீன முறையில் ஒரே வேரை இரண்டு தடவை காய்ச்சி இரண்டையும் கலந்துகொள்வார்கள். இதற்கு வேகமே தேவையில்லை, சமநிலைக் கணக்கு போதும். 100 கிராம் வேர், 1000 மில்லி நீர், வடித்த பிறகும் வேர் 200 மில்லியை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். சரக்கு முழுவதும் நீரில் சமமாகப் பரவிவிட்டால் வடிநீரோடு 80 சதவீதம் வந்துவிடும், 20 வேருக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே 800 மில்லி ஊற்றி மறுபடி காய்ச்சினால் அந்த 20-இல் 16 வரும். மொத்தம் 96. அதே 1800 மில்லியை ஒரே தடவையில் ஊற்றியிருந்தால் 1600-ஐ 1800-ஆல் வகுத்து 89 மட்டும். மூன்றாம் தடவை 800 மில்லி ஊற்றினால் இன்னும் 3 கிடைக்கும், அதற்காக அவ்வளவு நீரைப் பிறகு சுண்ட வைக்க வேண்டும் என்றால் சுண்டும்போதே சி அதைத் தின்றுவிடும். எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சும் நம் குடிநீர் வகைகளுக்கு மாடல் எழுதுகிறவர்கள் இந்தச் சுண்டும் கட்டத்தைத் தனியாக எழுதியே ஆக வேண்டும், அங்கே நீரின் அளவும் ஒவ்வொரு நிமிடமும் மாறுகிறது.

பல மூலிகைகளைச் சேர்த்துப் போடும் மருந்துக்குத் தனித்தனி மாடல்களைக் கூட்டி எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஹுவாங்லியன் வேரின் பெர்பெரினும் அதிமதுரத்தின் கிளைசிரைசிக் அமிலமும் ஒரே பானையில் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து வண்டலாகப் படியும். வேரிலிருந்து ஒழுங்காக வெளியே வந்தும் வடிதுணியிலேயே நின்றுவிடும். அந்த ஜோடிக்கு மூன்றாவதாக ஒரு பெட்டி வேண்டும், வண்டலுக்கென்று.

மாடல் சரியா என்று பார்க்க ஆர் வர்க்கம் (கோடு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 என்பதைக் காட்டாதீர்கள். பொருத்திய தரவுக்குள் அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். 3 மில்லிமீட்டர் துண்டு, 100 டிகிரியில் பொருத்துங்கள். பிறகு 2 மில்லிமீட்டர் துண்டு, 90 டிகிரி, இரண்டு முறை காய்ச்சல் என்று ஒரு புதிய ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே 15, 30, 60 நிமிடங்களில் எவ்வளவு வரும் என்று மாடல் சொல்வதை நோட்டில் மையால் எழுதித் தேதி போட்டுவிட்டு, அதற்குப் பிறகு நீரை ஊற்றுங்கள்.